பூனை வணங்கியது வேரை

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று மக்கள் அழைக்கும் பாறைச் சிற்பத்தில், பெரிய யானையின் காலடியை ஒட்டி ஒரு பூனை நிற்கிறது. பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தி, மேலே தவம் செய்யும் மனிதனைப் போலவே அதுவும் தவம் செய்கிறது. பக்கத்தில் எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இந்தக் கதை வருகிறது: தவம் பூண்ட பூனையை நம்பி எலிகள் அதன் காவலில் சேர்கின்றன; எலிகள் குறையக் குறையப் பூனை கொழுக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பி அந்தக் கதையைக் கல்லில் வடித்தபோது, பூனையின் உடலை எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தான் என்பது அதன் நிமிர்விலேயே தெரிகிறது. அதே தொண்டை மண்டலத்தில், கல்லில் அல்லாமல் மண்ணிலும் ஒரு பூனை வணக்கம் உண்டு. காலி மனையிலும் குப்பைமேட்டிலும் மழை பெய்த மறுவாரம் முளைத்து நிற்கும் குப்பைமேனிக்கு நம் முன்னோர் வைத்த மறுபெயர் பூனைவணங்கி. மருத்துவ வழக்கில் மார்ச்சாலமோகினி என்றும் சொல்வார்கள்; மார்ச்சாலம் என்றாலும் பூனைதான்.

இந்தப் பெயரை இப்போது எடுத்துப் பேசக் காரணம் ஊரப்பாக்கம் போன்ற ஊர்கள். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஏரியும் அதைச் சுற்றிய வயலுமாக இருந்த இடம் அது. ரயிலும் ஜி.எஸ்.டி. சாலையும் சென்னையைத் தெற்கே இழுத்துவந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2023 டிசம்பர் 30 அன்று பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தது. வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகின. அதோடு இரண்டு இடமாற்றங்கள் சத்தமில்லாமல் நடந்தன. கொல்லையில் இருந்த மூலிகை பால்கனித் தொட்டிக்கு வந்தது. திண்ணையிலும் கூரையிலும் திரிந்த பூனை, மூன்றாம் மாடியில் கதவுக்கு உள்ளே வாழத் தொடங்கியது. இரண்டும் முதன்முறையாக நான்கு சுவருக்குள் ஒன்றையொன்று சந்தித்திருக்கின்றன. பூனை தொட்டிச் செடியைக் கடிக்கிறது. மூலிகைதானே, தின்றால் என்ன என்று வீட்டார் நினைக்கிறார்கள். பூனைக்கும் பச்சிலைக்கும் பழைய உறவு உண்டு என்பதற்குப் பூனைவணங்கி என்ற பெயரே சாட்சி என்றும் சொல்லலாம். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக் கூடாது என்பதே என் வாதம். பெயர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பார்த்தது வேறு, நாம் அதனிடம் கேட்பது வேறு.

தமிழில் பூனையின் பெயர் சுமக்கும் செடிகள் பல. பூனைக்காலியின் காய் வளைந்து, சுணை மூடி, பூனையின் கால் போலத் தோன்றும்; தொட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். பூனைமீசையின் மலரில் கேசரங்கள் மீசைபோல நீண்டு நிற்கும். இவையெல்லாம் உருவ ஒப்புமையால் வந்த பெயர்கள். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் முல்லையின் மொட்டுகளைக் கண்டு வெருகின் சிரிப்பை நினைத்ததும் இந்த வகைப் பார்வைதான். பூனைவணங்கி மட்டும் தனி வகை. அதில் செடி பூனையைப் போல இருப்பதாகச் சொல்லவில்லை. செடியின் முன் பூனை என்ன செய்கிறது என்று சொல்லியிருக்கிறது. அதாவது அது வருணனை அல்ல, ஒரு நிகழ்வின் குறிப்பு. குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால், பூனை வந்து அந்த வேரில் தலையை வைத்துத் தேய்க்கும், கன்னத்தை உரசும், எச்சில் வடிக்கும், புரளும். தலை தாழ்ந்து தாழ்ந்து எழுவதைப் பார்த்தவர் அதை வணக்கம் என்று எழுதிவைத்தார். இந்தக் கண்டுபிடிப்பு நமக்கு மட்டும் உரியதும் அல்ல. மலாய் மொழியில் அதே செடிக்கு, பூனை வெறிகொள்ளும் என்ற பொருளில் ‘கூச்சிங் காலாக்’ என்று பெயர். மொரீசியஸ் பக்கத்துத் தீவுகளில் பிரெஞ்சு வழிவந்த பேச்சில் அது பூனைச் செடி. இந்தியப் பெருங்கடலின் கரைகளில், வெவ்வேறு மொழி பேசியவர்கள் ஒரே நடத்தையைப் பார்த்து ஒரே மாதிரிப் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரின் உண்மைக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

ஏட்டுக்குப் போன வழி வேறு. டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற மலையாள வைத்தியர்களின் அறிவைக் கொண்டு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பத்தாம் தொகுதியில் குப்பமேனி படத்தோடு இருக்கிறது. 1690களில் சென்னைக் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுன் சுற்றுவட்டாரச் செடிகளை இவ்வூர்ப் பெயர்களோடு சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெடிவர் அவற்றை ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். நம் மண்ணின் சொற்கள் ஐரோப்பியத் தாவர நூல்களில் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. 1753இல் லின்னேயஸ் ரீடின் படத்தைச் சுட்டிக்காட்டி இந்தச் செடிக்கு அக்காலிபா இண்டிகா என்று பெயரிட்டார். அக்காலிபா என்பது காஞ்சொறிக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பத்தாண்டு கழித்துப் பிரான்சின் அடன்சான் அந்தப் பேரினத்துக்குக் குப்பமேனி என்றே இலத்தீன் பெயர் சூட்டிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. ஆனாலும் நம் குப்பையில் முளைத்த சொல் ஒருமுறை உலகத் தாவரவியலின் வாசல்வரை போய்வந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது. கடல் கடந்து போனது குப்பைமேனி என்ற பெயர். பூனைவணங்கி வீட்டோடு நின்றுவிட்டது. காரணம் எளிது. ஏடு எழுதியவர்களுக்கு மனித உடலுக்கு எது உதவும் என்பதுதான் கேள்வி. பூனை என்ன செய்கிறது என்பது அவர்கள் கேள்வியாக இல்லை.

மனித உடலைப் பற்றி அவர்கள் எழுதியது நமக்கு முக்கியம். ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் வெளியிட்டு, 1826இல் லண்டனில் விரித்து அச்சிட்ட மருந்து நூலில், குப்பைமேனியின் வேர், இலை, கொழுந்து மூன்றும் மருந்தாவதைப் பதிவு செய்தார். 1868இல் வந்த இந்திய மருந்து நூலில், பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவரான டாக்டர் ஜார்ஜ் பைடியின் கருத்து இடம்பெற்றது: இலைச்சாறு குழந்தைகளுக்கு வாந்தி வருவிக்கும் மருந்தாக விரைந்தும் தவறாமலும் வேலை செய்கிறது, தீங்கும் இல்லை என்பது அதன் சாரம். கோழை கட்டிய குழந்தைக்கு நம் பாட்டிமார் குப்பைமேனிச் சாறு சில துளிகள் புகட்டியதும் இதே நோக்கத்துக்குத்தான். இங்கே நின்று கவனிக்க வேண்டும். பூனையின் பெயரால் புகழ்பெற்றது வேரின் மணம். மனிதரிடம் புகழ்பெற்றது இலையின் வாந்திச் செயல். ஒரே செடியின் இரண்டு வேறு உறுப்புகள், இரண்டு வேறு உடல்கள், இரண்டு வேறு வேலைகள். இவற்றை ஒன்றாகக் குழைத்து, ‘பூனைக்குப் பிடித்த செடி, குழந்தைக்கே கொடுத்த செடி, ஆகவே பூனை தின்னலாம்’ என்று முடிப்பதில்தான் பிழை நுழைகிறது.

வேரில் இருப்பது என்ன என்பது அண்மையில் தெளிவானது. மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் குப்பைமேனி வேரிலிருந்து பூனையைக் கவரும் இரண்டு சேர்மங்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் உருவாக்கி உறுதி செய்தார்கள். அவை, மேலைநாட்டுப் பூனைகளை மயக்கும் கேட்னிப் செடியின் நெப்பெட்டலாக்டோன் என்ற பொருளுக்கு நெருங்கிய உறவு. கேட்னிப்பிலிருந்து அதை 1941இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிரித்தெடுத்திருந்தார்கள். நீல் டாட் 1962இல் இந்த ஈர்ப்பு பரம்பரையாக வருவது என்று காட்டினார். மூன்றில் இரண்டு பூனைகளுக்கு அது உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. ஆகவே எல்லாப் பூனையும் வணங்குவதில்லை. பூனைக் குடும்பத்துப் பெரிய விலங்குகளிடமும் இந்த வேறுபாடு உண்டு: அமெரிக்க விலங்குக் காட்சிசாலை ஒன்றில் கேட்னிப்பை வைத்துச் சோதித்தபோது சிங்கமும் ஜாகுவாரும் புரண்டன, புலி பொருட்படுத்தவில்லை. ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு இது வெறும் செய்தி அல்ல. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கி, 1985இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்த காட்சிசாலையின் சிங்கங்களும் புலிகளும் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக நிறைவு தரும் பகுதி 2021இல் வந்தது. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார், பூனைகள் இத்தகைய செடிகளில் ஏன் புரள்கின்றன என்று ஆராய்ந்து, அந்த மணப்பொருள் உரோமத்தில் படிந்தால் கொசு அண்டுவது குறைகிறது என்று கண்டார்கள். அடுத்த ஆண்டு, பூனை இலையைக் கடித்துக் கசக்குவதால் அந்தப் பொருள் பல மடங்கு அதிகமாக வெளிப்படுகிறது என்றும் காட்டினார்கள். கடிப்பது பசிக்காக அல்ல, மணத்தைப் பிழிந்து உடலில் பூசிக்கொள்ள. நம் பெயர் வைத்தவர் இதைச் சரியாகவே பார்த்திருக்கிறார். பூனைதின்னி என்று வைக்கவில்லை. பூனைவணங்கி என்று வைத்தார். உணவை எந்த விலங்கும் வணங்குவதில்லை. சொல்லின் தேர்வே, இது தீனி உறவு அல்ல என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இலை பக்கம் வந்தால் நிலைமை மாறுகிறது. தென்னாப்பிரிக்காவின் கால்நடை ஆய்வாளர்கள் 1937இல் குப்பைமேனியிலிருந்து சயனைடு வெளிவிடக்கூடிய ஒரு குளுக்கோசைடைப் பிரித்தார்கள். இலங்கையில், குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்தவர்களில் சிலருக்குச் சிவப்பணுக்கள் உடைந்து போனதை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்தார்கள். அவர்கள் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள். மற்றவர்கள் தாங்கும் இலையை அவர்கள் ரத்தம் தாங்கவில்லை. பூனையின் ரத்தமும் இயல்பிலேயே இந்த வகையில் மென்மையானது. அதன் ஹீமோகுளோபினில் எளிதில் கெடக்கூடிய, கந்தகம் தாங்கிய இடங்கள் எட்டு. நாய்க்கு நான்கு, மனிதருக்கு இரண்டு. அதனால்தான் வெங்காயமும் பூண்டும் நமக்குச் சமையல், பூனைக்கு நஞ்சு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம் வெங்காயமே அதன் ரத்தத்தில் மாற்றம் உண்டாக்கப் போதும். நான்கு கிலோப் பூனைக்கு அது மூன்று நான்கு சாம்பார் வெங்காயம். ரத்தம் மட்டும் அல்ல, கல்லீரலும் அப்படியே. இறைச்சியையே உண்டு வந்த குலத்தில், தாவரத்தின் சில வேதிப்பொருள்களைக் கழித்துக்கட்டும் ஒரு மரபணு பயனின்றிப் பழுதாகிவிட்டது. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். இலைதழை தின்று வாழ்ந்த உயிரினத்துக்கு அந்த மரபணு உயிர்காப்பு; பூனைக்கு அது தேவைப்படாமலே போயிற்று. எனவே ‘மூலிகை’ என்ற சொல்லின் பின்னே இருக்கும் அனுபவம் முழுவதும் மனிதக் கல்லீரலின் அனுபவம் என்பதை மறக்கக் கூடாது.

தலைமுறை தலைமுறையாகப் பூனைகள் தோட்டத்தில் புல்லும் இலையும் கடித்துத்தானே வளர்ந்தன, என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பூனை பச்சையைத் தின்பது நோயோ வெறியோ அல்ல. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரைக் கேட்டபோது, நூற்றுக்கு 71 பூனைகள் தாவரம் தின்பதை ஆறு முறையாவது பார்த்திருந்தார்கள். காட்டுப்பூனை மூதாதையர் குடற்புழுவை வெளியேற்றப் புல் தின்ற பழக்கத்தின் மிச்சம் இது என்பது அவர்கள் கருத்து. ஆனால் கொல்லைப் பூனைக்கும் மாடிப் பூனைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: தேர்வு. கொல்லையில் அறுகும் கோரையும் நூறு வகைக் களையும் இருந்தன. அது விரும்பியதைக் கடித்தது, மற்றதை முகர்ந்துவிட்டு விலகியது. அரளியும் செங்காந்தளும் அதே வேலியில் இருந்தாலும் அவற்றைக் கடிக்க வேண்டிய தேவை இல்லை. பால்கனியில் இருப்பது ஆறு தொட்டி. பச்சை வேண்டும் என்ற உந்துதல் அப்படியே இருக்க, அதைத் தீர்த்துக்கொள்ள வழி குறுகிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் பூனை வீட்டில் இருந்ததே தவிர, வீட்டாரால் எண்ணப்படவில்லை. எலி பிடித்தது, ஒருநாள் வராமல் போயிற்று. அது எதைத் தின்று எந்த வைக்கோற்போர் மறைவில் செத்தது என்று யாரும் தேடவில்லை. கணக்கு வைக்காத காலத்தை, தீங்கே நடக்காத காலமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம் மூலிகை விலங்கு மருத்துவத்திலும் உண்டே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. உண்மைதான். மாட்டின் புண்ணுக்குக் குப்பைமேனி இலை, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் காய்ச்சித் தடவும் முறையைக் கால்நடை அறிவியல் நிறுவனங்களே இன்று விவசாயிகளுக்குக் கற்றுத் தருகின்றன. பால்மாட்டுக்கு அது மலிவான, பயனுள்ள வைத்தியம். ஆனால் மாடு இலை தின்னும் குலம். நான்கு அறை வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வைத்து இலையின் நஞ்சில் பெரும்பகுதியை உடைத்துப்போடும் உடல் அது. பூனையோ தன் உடலில் தடவிய எதையும் நக்கியே தீரும். மாட்டுக்கு மேற்பூச்சாக இருப்பது பூனைக்கு உள்மருந்தாகிவிடும், அதுவும் பூண்டோடு. சிரங்கு பிடித்த வீட்டுப் பூனைக்கு இந்தக் களிம்பைத் தடவுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மரபு மருத்துவத்தின் மதிப்பைக் குறைப்பதாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயாளியின் உடலைப் பார்த்து மருந்தும் அளவும் தீர்மானிப்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. பூனையின் உடலைப் பாராமல் மருந்து கொடுப்பதே அந்த மரபுக்கு எதிரானது.

பயம் காட்டி எல்லாத் தொட்டிகளையும் தூக்கி எறியச் சொல்கிறார்கள் என்ற குறையும் கேட்கிறது. அப்படிச் செய்யத் தேவையே இல்லை. அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் நஞ்சுத் தடுப்பு மையம் வெளியிடும் பட்டியலைப் பார்த்தால், நம் பால்கனிச் செடிகள் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கின்றன. திருநீற்றுப்பச்சை, கொத்தமல்லி, ரோஸ்மேரி ஆகியவை தீங்கற்றவை என்ற பக்கம். சளிக்குக் கஷாயம் போடும் கற்பூரவல்லி மறுபக்கம். அதன் எண்ணெய்ச் சத்தால் பூனைக்கு வாந்தியும் பேதியும் வரும், சில வேளை ரத்தத்தோடு. சோற்றுக்கற்றாழை, எலுமிச்சைப்புல், நிறையத் தின்றால் புதினா ஆகியவையும் அங்கேதான். இவற்றில் பெரும்பாலானவை வயிற்றைக் கலக்குமே தவிர உயிரைப் பறிப்பது அரிது. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றையும் நஞ்சு என்று ஒரே சொல்லால் அடைப்பது நேர்மையல்ல. உயிரைப் பறிப்பவை வேறு. பூங்கொத்தில் வரும் அசல் லில்லி மலரின் மகரந்தம் உரோமத்தில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே போதும். சில நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். அரளி இதயத்தைத் தாக்கும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் மனிதரையே கொல்லும். இவை மூன்றும் பூனை இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. கற்பூரவல்லியைப் பூனைக்கு எட்டாத கம்பியில் தொங்கவிட்டு, கீழே ஒரு அகன்ற தொட்டியில் அறுகும் கேழ்வரகு நாற்றும் வளர்த்தால், கொல்லையில் இருந்த தேர்வில் ஒரு பங்காவது மாடிக்குத் திரும்பி வரும். குப்பைமேனி வேரையும் கழுவி, இலையை முற்றிலும் நீக்கி, சிறிது நேரம் முகர்ந்து புரள விட்டு எடுத்துவிடலாம். பெயர் சொன்ன உறவு அவ்வளவுதான்.

தவறித் தின்றுவிட்டால் ஒரு பழைய பழக்கம் குறுக்கே வரும். குழந்தைக்குச் செய்ததுபோல உப்புத் தண்ணீரோ குப்பைமேனிச் சாறோ புகட்டி வாந்தி எடுக்க வைக்கத் தோன்றும். பூனைக்கு உப்பே நஞ்சாகலாம். புகட்டிய சாறு நுரையீரலுக்குள் போகலாம். 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலிருக்கும் கால்நடை மருத்துவரிடமோ நேரே கொண்டுபோவதே சரி. போகும்போது பூனை கடித்த செடியின் ஒரு கிளையை, முடிந்தால் பூவும் வேருமாக, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன செடி, எந்த உறுப்பைத் தின்றது, எப்போது தின்றது என்பவைதான் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகள்.